வேலைக்காரிச் சீட்டு

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மொழித்துறையில், தமிழ்ப் பேச்சு வகுப்பில் ஒரு தகர டப்பா உண்டு. எந்தக் காலத்திலோ பிஸ்கட் வாங்கிய டப்பா; மூடியிலிருந்த பூப்படம் பாதி தேய்ந்துவிட்டது. அதற்குள் சீட்டுகள். வீட்டுக்காரர், பயணி, மேலாளர், வாடிக்கையாளர் என்று சீட்டுக்கு ஒரு வேடம். மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார்கள். அதற்கு எதிர்வேடம் உதவி ஆசிரியைக்கு. வாடிக்கையாளர் வந்தால் அவள் காய்க்காரி. பயணி வந்தால் டிரைவர். மேலாளர் வந்தால் தாமதமாக வந்த பியூன். வீட்டுக்காரர் வந்தால் வேலைக்காரி. நோயாளி வந்தால்கூட அவள் டாக்டர் இல்லை, ஆயா.

டப்பாவுக்குள் டிரைவர் சீட்டோ வேலைக்காரிச் சீட்டோ கிடையாது. "கற்க வருகிறவர்கள் அந்த வேலைகளுக்குப் போகப் போவதில்லையே" என்று துறைத்தலைவி முதல் நாளே விளக்கியிருந்தார். அவர் அந்த நாட்டுக்காரர். புத்தகத்தில் படித்த தமிழைப் புத்தகம் போலவே பேசுவார். அவர் சொன்னது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. கடல் தாண்டி வந்த புதிதில் எல்லாமே நியாயமாகத்தான் படும்.

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அம்மா இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, படிக்கவைத்தாள். அப்படிப் படித்து முடித்தவளுக்கு வாய்த்தது இந்த வேலை. ஒரு வருட ஒப்பந்தம். இலக்கணம் நடத்துவது துறைத்தலைவி. பேசிக் காட்டுவது மட்டும் இவள்.

முதலில் வகுப்பு தூங்கி வழிந்தது. நம் பக்கம் ஓர் ஆலையை நிர்வகிக்கப் போகிறவர் ஒருவர் இருந்தார். அவள் மனதுக்குள் அவருக்கு ஆலைக்காரர் என்று பேர். "ஏன் லேட்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கொட்டாவி விடுவார். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு வரும் ஆராய்ச்சி மாணவி, பென்சில். ஒருநாள் பென்சிலுக்கு வீட்டுக்காரர் சீட்டு வந்தது.

"நீ ஏன் நேத்து வரல?" என்று பென்சில் கேட்டாள்.

எங்கிருந்து வந்ததோ தெரியாது, வேலைக்காரியாக நின்ற அவள் தொண்டையில் அம்மா வந்து உட்கார்ந்தாள். ஒரு கால் இன்னொரு காலைத் தேய்த்தது. கை பின்மண்டையைச் சொறிந்தது.

"அத ஏன்மா கேக்குறீங்க! எங்க பெரிய மாமா போய்ச் சேந்துட்டாரும்மா!"

ஆலைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பென்சில் சுதாரித்துக்கொண்டு, "பெரிய மாமா... போன மாசம் செத்தார்?" என்றாள்.

"அது வேற பெரிய மாமாம்மா!"

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. அன்றிலிருந்து வாராவாரம் "மாமா, மாமா" என்று கேட்டு வாங்கினார்கள். மாமா வருடம் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்தார். ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்களே, அப்படி அள்ளி அள்ளிப் பரிமாறினாள். வகுப்பில் அவளுக்கு ஒரு மதிப்பு வந்தது.

அவளுக்குப் பெரிய மாமா என்று யாரும் கிடையாது. அம்மா வேலை செய்த மாடிவீட்டம்மா, சாவு விழுந்தால் மட்டும்தான் லீவு தருவாள். பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கவேண்டும் என்று கேட்டதற்கு, "அவ போய்ச் சேந்துக்க மாட்டாளா, நீ என்ன கலெக்டரா கூடப் போக?" என்றாள். மறுநாள் இல்லாத மாமாவைச் சாகடித்துவிட்டு அம்மா மகளோடு வரிசையில் நின்றாள். திரும்பி வரும்போது பேருந்தில், "பொய்யா சாகடிச்ச பாவம் யார் தலையில விழுமோ" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஒரு வாரம் கழித்து, "நாலஞ்சு நாள் சிரிக்காம வேல பாத்தேன்டி. வாய் ரெண்டு பக்கமும் வலி" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஒப்பந்தம் முடியும் வாரத்தில் அம்மா போன் செய்தாள்.

"என்ன வாத்தியாரம்மா, சாப்டியா? புள்ளைங்க ஒழுங்கா படிக்குதுங்களா?"

"புள்ளைங்க இல்லம்மா. ஒன் வயசு ஆளுங்களும் இருக்காங்க."

"அப்ப அடிக்காத." அம்மாவே சிரித்துக்கொண்டாள். "மாடிவீட்டம்மாகிட்ட சொன்னேன், பெரிய பெரிய ஆபீசருக்கெல்லாம் எம்பொண்ணு பாடம் எடுக்குதுன்னு. இஞ்சி தின்ன கொரங்கு மாதிரி ஆயிடுச்சு மூஞ்சி! ஆமா, அப்படி என்னத்தடி சொல்லிக் குடுக்குற?"

"பேசம்மா."

"பேசவா? அதுக்கு என்னக் கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பேனே!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எச்சில் கசந்தது.

அன்று மத்தியானமே துறைத்தலைவி கூப்பிட்டார். மேசையில் புதிய பாடநூலின் அச்சுப்படி. "பாருங்கள்" என்று விரித்த பக்கத்தில் பாடத்தின் தலைப்பு: பெரிய மாமா. அவள் பேசியது அத்தனையும் இருந்தது, 'அத ஏன்மா கேக்குறீங்க' உட்பட. பக்கத்தில் படம்: தலையைச் சொறியும் ஒருத்தி. வராத மாணவர்களுக்காக வகுப்பை எப்போதும் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவுதான் பாடத்தின் ஒலியாம்.

"நீங்கள் எங்களுக்குத் தந்த மிகச் சிறந்த பொருள் இது. அடுத்த ஆண்டும் நீங்களே இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கப் போகிறேன். நிறைவு நாளில் விருந்தினர்கள் முன் இதை நடித்துக் காட்டுங்கள். துடைப்பம் நான் ஏற்பாடு செய்கிறேன்."

அவள் "சரிங்க மேடம்" என்றாள். சொல்லும்போது ஒரு கால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். காலை இழுத்துக்கொண்டாள்.

போன வருடம் இந்த வேலையில் இருந்தவரை அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவருக்குப் போன் போட்டாள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? நான் ஒரு வருஷம் ஆட்டோ ஓட்டினேன்மா, லைசென்ஸே இல்லாம. வாயாலயே கியர் போட்டேன், ஹாரன் அடிச்சேன். என்ன கொறஞ்சு போயிட்டேன்? வேஷம்தானே!"

"ஒங்கப்பா ஆட்டோ ஓட்டுறவரா அண்ணா?"

"எங்கப்பா பேங்க்ல மேனேஜர். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

நிறைவு நாளன்று கூடத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள், பழச்சாறு, கழுத்தில் டையோடு விருந்தினர்கள். சொன்ன சொல் தவறாமல் துறைத்தலைவி புதுத் துடைப்பம் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். விலைச்சீட்டுக்கூடப் பிரிக்கவில்லை. அவள் காலையிலேயே வந்து டப்பாவைக் காலி செய்து, புதிய சீட்டுகள் எழுதிப் போட்டிருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே வேடம்.

ஆலைக்காரர் எடுத்தார். படித்தார். "வேலைக்காரன்?" என்று சிரித்தார். அவள் துடைப்பத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ ஏன் நேத்து வரல?"

அவருக்கு வாய் திறந்தது, சொல் வரவில்லை. ஒரு வருடமாக அவர் கற்றதெல்லாம் 'எவ்வளவு', 'ஏன் லேட்', 'சீக்கிரம்', 'இது சுத்தமா இல்ல'. கெஞ்ச ஒரு வாக்கியம், சாக்குச் சொல்ல ஒரு வாக்கியம், தன் வீட்டைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியம் அந்த வாயில் யாரும் போட்டு வைத்திருக்கவில்லை. போட்டிருக்க வேண்டியவள் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்... நேத்து..." என்று திணறி, கடைசியில் "இது சுத்தமா இல்ல" என்றார்.

கூடம் சிரித்தது. அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். அவர்களுக்குப் புரியவேண்டியது அவ்வளவுதான் என்று எண்ணித்தான் சீட்டை மாற்றினாள். ஆனால் தொண்டையில் இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள். ஒருநாளும் ஒத்திகை பார்க்காத மாடிவீட்டம்மா.

"வாய்ல என்ன பஞ்சா அடச்சிருக்கு? பல்லக் காட்டாத. ஒங்களுக்கெல்லாம் லீவு ஒரு கேடு! யாரு செத்தா இந்த வாட்டி?"

"மா... மாமா."

"எத்தன மாமாடா ஒனக்கு? அந்த மூலையப் பாரு. குனிஞ்சு பெருக்கு."

டை கட்டிய ஆலைக்காரர் குனிந்து, கம்பளத்தைப் பெருக்கினார். அவள் எழுந்து விரலை நீட்டியபடி நின்றாள். நாக்கில் ஒரு ருசி. நல்ல ருசி. இன்னும் நாலு வார்த்தை கேட்டது. கைதட்டல் வந்ததும்தான் விரலை மடக்கினாள். வருடம் முழுக்க வேலைக்காரியாக நடித்ததை நினைத்தபோது வந்த அருவருப்பு ஒரு வகை. இது அதைவிட மோசம், இனித்துவிட்டு வந்தது.

துறைத்தலைவி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அருமை! இதையும் பாடத்தில் சேர்த்துவிடுவோம்."

"மேடம், அந்த வேலைக்காரி எங்கம்மா. என்னக் காலேஜ்ல சேக்கத்தான் அந்தப் பொய் சொன்னாங்க."

துறைத்தலைவியின் கண்கள் கலங்கின. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கின. "அப்படியா! அதனால்தான் அவ்வளவு இயல்பாக இருந்தது." கொஞ்சம் யோசித்து, "உங்கள் அம்மா தம் குரலிலேயே பேசிப் பதிவு செய்து தருவார்களா? பாடத்துக்கு இன்னும் உயிர் வரும்" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. மூஞ்சியில் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொள்ளலாம்.

"அந்தப் பாடத்த எடுத்துடுங்க மேடம். பதிவையும் அழிச்சிடுங்க."

துறைத்தலைவி கையை விட்டார். "குரல் உங்களுடையது. வேண்டாம் என்றால் நான் வைத்திருக்க முடியாது. ஆனால் பாடநூலுக்கு ஒத்துழைக்காதவரை அடுத்த ஆண்டுக்கு எப்படிப் பரிந்துரைப்பேன்? நாளை வரை யோசியுங்கள்."

"யோசிச்சிட்டேன் மேடம்."

பொய். யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் அம்மாவின் முழங்கால், அடைமழைக்கு ஒழுகும் சமையல்கட்டு, மாடிவீட்டம்மாவின் இஞ்சி தின்ன முகம் எல்லாம் தராசின் அந்தத் தட்டில் ஏறி உட்கார்ந்திருக்கும். இந்தத் தட்டில் என்ன இருந்தது? அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. மானம் என்று சொல்லலாம். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன் ஒரு மனுஷனைக் குனிய வைத்து ரசித்தவள், மானம் என்ற சொல்லை எடுக்கக் கூசினாள்.

வகுப்புகளைப் பதிவு செய்யும் அறைக்குப் போனாள். பதிவறைக்காரர் தமிழ் அறியாதவர். துறைத்தலைவி ஏற்கெனவே சொல்லிவிட்டதாகச் சொல்லி, கணினியில் தேடி எடுத்தார். தவறாக எதையாவது அழித்துவிடக்கூடாதே என்று ஓடவிட்டார். அறை முழுக்க அம்மாவின் குரல். அத ஏன்மா கேக்குறீங்க. இழுவையும் குழைவும் மூச்சும் அப்படியே அச்சு. கேட்ட மாத்திரத்தில் உள்ளுக்குள் ஒருத்தி, 'நல்லாத்தான் பண்ணியிருக்க' என்று முதுகில் தட்டினாள். அவளைப் பிடித்துத் தள்ளத் தோன்றியது.

ஒரு சொல்லும் விளங்காத பதிவறைக்காரர் அந்த இழுவைக்கே தோள் குலுங்கச் சிரித்தார். "இதுதானே?" என்று அவர்கள் மொழியில் கேட்டார்.

"இதுதான்."

அழித்தார். பிறகு திரையைச் சுட்டினார். வாராவாரம் ஒன்றாக வரிசையாக இருந்தன. ஒன்று விடாமல் கேட்டுத்தான் அழிக்க முடியும் என்றார். அடுத்ததை ஓடவிட்டு, இந்த முறை ஆரம்பத்திலேயே சிரித்தார். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டாள்.

"இதுவும்தான்" என்றாள். "அடுத்தது போடுங்க."