பல் வெட்டி ஒட்டிய காகிதம்

இல்லை, மஜீதா இத்தா முடியாமல் படி தாண்டினாள் என்பதை நான் மறுக்கவில்லை. கணவன் மௌத்தானவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் "புருசனுக்கு வெசத்தைக் குடுத்துட்டு ஓடிப்போனவ" என்று குழாயடியில் நின்று பேசுகிறீர்களே, அது பொய். செத்துப்போன அயூப் என் கூடப்பிறந்த தம்பி. அவளைத் திட்டுவதென்றால் முதலில் நான்தான் திட்டியிருக்க வேண்டும். ஏன் திட்டவில்லை என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

வெள்ளைக்காரத் துரைமார் காலம் அது. குன்னூருக்கு மேலே ஒரு தோட்டத்து பேக்டரியில் தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தகடு வைத்துப் பற்றவைக்கிற வேலை அயூபுக்கு. குனிந்தே கிடந்து முதுகு பிடித்துக்கொண்டது. அந்த மழைக்கு இருமலும் சேர்ந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போதாவதுதான் வருவார், மற்ற நாளெல்லாம் கட்டுப்போட்டு மருந்து ஊற்றித் தருகிற டிரஸ்ஸர்தான். சீசாவை நாம்தான் கொண்டுபோக வேண்டும். மஜீதா பன்னீர் தீர்ந்த சீசா இரண்டைக் கழுவி எடுத்துப்போனாள். ஒன்று முதுகில் தேய்க்க, ஒன்று இருமலுக்குக் குடிக்க.

குடிக்கிற மருந்துக்கு அப்போதெல்லாம் ஓர் அடையாளம் உண்டு. நீளமாக ஒரு காகிதத்தை மடித்து, ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டிச் சீசாவின் பக்கவாட்டில் ஒட்டுவார்கள். ஒரு வேளைக்கு ஒரு பல். தேய்க்கிற மருந்து உள்ளே போனால் விஷம், அதற்குப் பல் கிடையாது. எழுத்து தெரியாதவர்களுக்கு அது போதும். அன்றைக்குத் துரை பங்களாவிலிருந்து ஆள் வந்து டிரஸ்ஸரை அவசரப்படுத்தினான். அவர் இரண்டு சீசாவையும் நிரப்பினார், காகிதத்தைத் தேய்க்கிற மருந்துச் சீசாவில் ஒட்டினார். "பல்லு வெட்டினதைக் குடிக்கச் சொல்லு" என்றும் சொல்லி அனுப்பினார்.

மஜீதா ஒரு பல் அளவு ஊற்றிக் கொடுத்தாள். "நாக்கு மரத்துப்போவுது புள்ள" என்றான் அயூப். மருந்தென்றால் அப்படித்தான் இருக்கும் என்று கருப்பட்டி கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் என் தம்பி இல்லை.

"தேய்க்கக் குடுத்ததைக் குடிக்க வெச்சுட்டா. படிக்காத பொம்பளை, நான் என்ன செய்யறது" என்றார் டிரஸ்ஸர். தோட்டம் முழுக்க அதையே சொன்னது. மஜீதாவும் அதை நம்பிவிட்டாள். தன் அண்ணன் நூர் அகமதுவின் மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் இத்தா இருந்தாள். நான் போகும்போதெல்லாம், "நாந்தான் கொன்னுட்டனாக்கா?" என்று கேட்பாள். நான் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

பிறகு ஒருநாள் தோட்டத்துக் கங்காணி மூக்கன் வந்தான். "ஆஸ்பத்திரி சீசாவைத் திருப்பிக் குடுத்துருங்க" என்றான்.

"அது எங்கூட்டுப் பன்னீர் சீசாங்க. ஆஸ்பத்திரிக்கு எப்ப சொந்தமாச்சு?" என்றாள் மஜீதா.

அவன் போனபின் அரிசிப் பானைக்குள்ளிருந்து சீசாவை எடுத்தாள். "பல்லு இதுலதானக்கா இருக்குது. இன்னொண்ணை முதுகுல தேச்சப்ப பிசுபிசுன்னு இருந்துச்சு. பாய்ல எறும்பு மொய்ச்சுதே. இருமல் மருந்துதானே இனிக்கும்?" என்றாள். சொல்லிவிட்டு அழவும் இல்லை. சீசாவைத் திரும்ப அரிசிக்குள் புதைத்து வைத்தாள்.

அவளால் வெளியே வர முடியாது. வக்கீல் தேடி நான் அலைந்தேன். ஊட்டியில் ஒருவர், துரைமார் வழக்கெல்லாம் தான்தான் பார்ப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். குன்னூரில் ஒருவர், "ஆண்டவன் எழுதினதுக்குக் கோர்ட்டு எதுக்கும்மா?" என்றார். "ஆண்டவன் சரியாத்தானுங்க எழுதியிருப்பான், டிரஸ்ஸர் ஏனுங்க மாத்தி ஒட்டோணும்?" என்று கேட்டேன். குமாஸ்தாவை விட்டு என்னை வெளியே அனுப்பினார்.

கடைசியில் சில்வஸ்டர் வக்கீல்தான் உட்காரச் சொன்னார்.

"வைத்தியம் பாத்தும் ஆள் செத்தா அது குத்தமில்லைம்மா. நல்ல டாக்டர் கையிலயும் சாவு வரும். ஆனா பாத்து ஒட்ட வேண்டியவன் பாக்காம ஒட்டி ஆள் செத்தா, அது அஜாக்கிரதை. சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. சீசாவைக் கழுவிட்டீங்களா?"

"இல்லீங்க. மிச்ச மருந்தும் அப்படியே கிடக்குது."

"காகிதம் உரியலையே?"

"இல்லீங்க."

"அப்ப அதுதான் சாட்சி. ஆனா சீசாவைக் கையில வாங்கினது அந்தம்மா. அவங்க வாயாலதான் மாஜிஸ்திரேட்டு முன்னாடி சொல்லணும், நீங்க சொன்னா செல்லாது. டிரஸ்ஸரைச் சிலோனுக்கு அனுப்பறாங்களாம். வெள்ளிக்கிழமை ரயிலேறிட்டா பிடிக்க முடியாது. நாளைக்கே வரட்டும்."

"ஜெயிக்குமுங்களா?"

"தெரியாதும்மா" என்றார் அவர்.

நூர் அகமது கேட்டதும் கொதித்தான். "இத்தாவுல இருக்கறவ கோர்ட்டு வாசல்ல போய் நிப்பாளா? அந்தத் தோட்டத்துக்கு அரிசி போடறதே நம்ம கடை."

"பகல்ல தேவைக்குப் போலாம்னு பள்ளிவாசல் அசரத்தே சொல்லுவாரு" என்றேன்.

"அசரத்து உங்களுக்குச் சோறும் போடுவாரா?" என்றவன் அவள் பக்கம் திரும்பினான். "படி தாண்டினா இந்த ஊட்டுக்குத் திரும்பி வராதே."

மஜீதா தலை நிமிரவில்லை. "போவாட்டி நாந்தான் கொன்னேன்னு ஆயிடுமுங்கண்ணே. அப்புறம் உங்க ஊட்டுல உக்காந்து நான் எப்படிச் சோறு திங்கறது?" என்றாள்.

அவன் கல்லாவுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் மூடுபனியாய் மஞ்சு இறங்கிச் சாரலும் அடித்தது. காகிதத்தை ஒட்டியிருந்தது வெறும் மாவுப் பசை, ஈரம் பட்டால் கழன்றுவிடும். மஜீதா சீசாவை அயூபின் கம்பளித் துண்டில் சுற்றினாள். அதன்மேல் துப்பட்டியைப் போர்த்தினாள். கடை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். நூர் அகமது தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. அவள் அவனுக்கு ஸலாம் சொன்னாள். அவன் எடைக்கல்லை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

நான் குடையை நீட்டினேன். வாங்கிக்கொள்ளக் கை இல்லை அவளுக்கு. ஒரு கை சீசாவின் அடியில் இருந்தது, மறு கை அந்தக் காகிதத்தின் மேல் அழுந்தியிருந்தது. அப்படியே படி இறங்கினாள்.