பம்பரமும் அஞ்சாலையும்

மீன் காட்சியகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பதினெட்டு வருடமாக அங்கே மீன்களுக்குத் தீனி போடுகிறவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு தொட்டிக்குத் தொட்டி ஓடுவாள். சாப்பாட்டைக்கூட நின்றபடியேதான் முடிப்பாள். "உன்னை ஒரு இடத்துல நிறுத்தணும்னா ஆணிதான் அடிக்கணும்," என்பார் கணவர். அந்த ஆணியை ஓர் அஞ்சாலை அடித்தது.

அஞ்சாலை என்பது கடற்பாறை இடுக்குகளில் வாழும் ஒருவகை விலாங்கு. பகலெல்லாம் பொந்துக்குள் உடம்பை மறைத்து, தலையை மட்டும் நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். பார்க்க வருகிறவர்கள் கோபம் என்று நினைப்பார்கள். பாவம், அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். கண் மந்தம், மோப்பத்தை வைத்தே இரை தேடும்.

இந்த அஞ்சாலை பதினோரு வருடமாக ஓர் உடைந்த மண்குழாயில் குடியிருந்தது. புதிதாக வந்த மேலாளருக்கு அந்தக் குழாய் கண்ணை உறுத்தியது. அதை எடுத்துவிட்டு, அகன்ற வாயுள்ள செயற்கைப் பாறை ஒன்றை வைத்தார். பார்க்கிறவர்களுக்கு மீன் நன்றாகத் தெரிந்தது, மீனுக்குத்தான் ஒளிய இடமில்லை. அன்றிலிருந்து அது எதையும் தின்னவில்லை. அஞ்சாலை வாரக்கணக்கில் பட்டினி தாங்கும். ஆனால் இதற்கு நாற்பது நாள் ஆகிவிட்டது. தோல் சுருங்கி, மூலையில் கிடந்தது.

"சாயங்காலம் டாக்டர் வர்றார். அதுக்குள்ள சாப்பிடலன்னா ஊசி போட்டு முடிச்சுடலாம். அது கஷ்டப்பட வேண்டாம்," என்றார் மேலாளர். குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

மதியம் தீனிக்குக் கணவாய் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை அப்படியே போட்டாள். பின்னறையில் கிடந்த பழைய குழாயைத் தூக்கிக்கொண்டு, காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவள்போல் அஞ்சாலைத் தொட்டியின் மேற்பலகைக்கு ஏறினாள். மோட்டார் பார்க்கிற அண்ணன் அங்கே வடிகட்டி கழுவிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து, தோள் நனைய, குழாயைத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

கை கழுவவில்லை. 'தீனி வெட்டிய கையைத் தண்ணீரில் விடாதே' என்று எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தாளை எழுதியவளே அவள்தான்.

வலது கையில் ஏதோ இடித்தது. அப்புறம்தான் வலித்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் அஞ்சாலையின் வாய்க்குள் இருந்தன.

"இழு தங்கச்சி," என்று ஓடிவந்தார் அண்ணன்.

"இழுத்தா விரல் அதுக்கு, மிச்சம் எனக்கு. கிட்ட வராதீங்கண்ணே."

அதன் பற்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. இழுக்க இழுக்க ஆழமாக இறங்கும். தொண்டையில் இன்னொரு தாடை வேறு உண்டு. அது முன்னால் வந்து இரையைக் கவ்வி உள்ளே கொண்டுபோகும். அந்தத் தாடை விரல் நுனியைத் தொட்டதை அவள் உணர்ந்தாள். உடம்பு முழுக்க ஓடு ஓடு என்றது.

"கத்தி கொண்டு வர்றேன். கழுத்தை அறுத்துடலாம்."

"வேணாம்ண்ணே. செத்தாலும் அந்தப் பல்லு விடாது. அது வாயாலதான் மூச்சு விடுது. திறந்துதானே ஆகணும்."

சொல்லிவிட்டாளே தவிர, நம்பிக்கை அரைகுறைதான். அஞ்சாலை வாலைச் சுழற்றத் தொடங்கியது. உடம்பை முடிச்சாக முறுக்கி இரையைப் பிய்ப்பது அதன் வழக்கம். முடிச்சு விழுந்தால் விரல் போய்விடும். அவள் இடது கையால் குழாயை, ஒரு நூல், இன்னும் ஒரு நூல் என்று வாலடிக்கு நகர்த்தினாள். ரத்தம் கலந்து தண்ணீர் கலங்கியது. எதுவும் தெரியவில்லை.

வால் குழாயைத் தொட்டது. நின்றது. பின்பக்கமாகவே உள்ளே நுழையத் தொடங்கியது. பாதி உடம்பு போனதும் வாய் ஒருமுறை திறந்து மூடியது. அவள் அசையவில்லை. இரண்டாவது முறை அகலமாகத் திறந்தது. கையை எடுத்தாள்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்கு வா," என்றார் அண்ணன்.

"முதல்ல இடுக்கியில ஒரு கணவாய் விடுங்க."

கையைத் துணியில் சுற்றிக்கொண்டு பார்த்தாள். முதல் துண்டை அஞ்சாலை சீண்டவில்லை. இரண்டாவதையும் விட்டது. மூன்றாவதைக் கவ்வி விழுங்கியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மேலாளர் படிவத்தோடு வந்தார். "ஆளைக் கடிச்ச மீனை வெச்சுக்க விதி இல்லம்மா."

"தப்பு ஆளோடதுன்னா?"

"அப்போ அந்த ஆள் தீனி வேலையில இருக்க முடியாது."

அவள் இடது கையால், கோணல்மாணலாக எழுதினாள்: கணவாய் வெட்டிய கையைக் கழுவாமல் தண்ணீரில் விட்டேன்.

இப்போது அவளுக்கு வெளியே கண்ணாடி துடைக்கிற வேலை. சுண்டுவிரல் மடங்குவதில்லை. எல்லாத் தொட்டியையும் ஓடி ஓடித் துடைப்பாள், குழாய் இருக்கும் தொட்டியை மட்டும் நின்று துடைப்பாள். மேலிருந்து தீனியோடு இடுக்கி இறங்கும். அது தின்று முடிக்கும்வரை துடைத்துக்கொண்டே இருப்பாள்.