துரைத் தொட்டிக்குக் கீழே ஒரு லயம்

வேலாயி கையை ஓங்கினால் அது யார் மேலாவது இறங்காமல் திரும்பியதில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது அநியாயமாகக் கழித்த கணக்கப்பிள்ளை வாங்கியிருக்கிறான். குடித்துவிட்டு வந்த புருஷன் சாகும்வரை வாங்கினான். பக்கத்துக் காம்பராக்காரி, இந்தப் பூரணி, நானும் வாங்கியிருக்கிறேன். தண்ணீர்ப் பீலியில் வரிசையை மீறினேனாம். காது கொய்யென்று இரைந்தது. அதற்காக அவளோடு பேசாமலா இருந்தேன்? மறுநாளே இரண்டு பேரும் ஒரே நிரையில் கொழுந்து எடுத்தோம்.

கந்தப்பளையிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகிற பாதையில், ஒட்டிக் கட்டிய எங்கள் காம்பரா வரிசைக்கு, அதாவது லயத்துக்கு, நேர் மேலே, மலையை வெட்டித் துரைமார் கட்டிய நீச்சல் தொட்டி இருந்தது. குமரியாக இருந்தபோது வேலாயிக்கு அதில் பாசி தேய்க்கிற வேலை. தேய்த்துக் கழுவலாம், குளிக்க நினைக்கக் கூடாது. சுதந்திரம் வந்தது, துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள், தொட்டியை வைத்திருந்த கிளப்பைப் பூட்டினார்கள். கடைசியில் ஊர்ச் சபை தொட்டியை எடுத்து எல்லாருக்கும் திறந்துவிட்டது. வேலாயியின் மகன் அழகுமுத்து உடுத்த துணியோடு குதித்தான். குளிரில் பல் தந்தியடித்தது, ஆனாலும் வெளியே வர மாட்டேன் என்றான். பிறகு அவனையே அங்கே காவலுக்குப் போட்டார்கள்.

தொட்டியின் கீழ்ச்சுவர் கிழடாகிவிட்டது. கசிந்த தண்ணீர் எங்கள் காம்பராக்களின் பின்சுவரில் பாசியாகப் படர்ந்தது. அறுபத்துமூன்றாம் வருஷம், கார்த்திகை மழைக்கு நடுவே, சபைத் தலைவர் குடையோடு வந்து தொட்டிக் கரையில் கூட்டம் போட்டார். திருத்துவதா, மூடுவதா? அதுதான் கேள்வி.

அழகுமுத்து முன்னால் வந்தான். "தொரைமாரு குளிச்சப்ப மூடாத தொட்டிய நாங்க குளிக்கிறப்ப ஏன்யா மூடணும்? ஒருதரம் மூடுனா மறுபடி எவன் தொறப்பான்? திருத்துங்க!"

பொடியன்கள் கத்தித் தீர்த்துவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, எனக்கே மயிர் சிலிர்த்தது.

வேலாயி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். "திருத்துங்க, யாரு வேணாங்குறா? மொதல்ல தண்ணிய எறக்குங்க. கீழ என் மருமக பச்சப் புள்ளையோட படுத்திருக்கா."

மருமகள் நாகலெட்சுமி பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. தீட்டுக் கழியாமல் வாசலைத் தாண்ட மாட்டாள். வேறு லயத்திலும் எவரும் சேர்க்க மாட்டார்கள்.

தலைவர் சிரித்தார். "பொங்கலுக்கு நீச்சல் போட்டின்னு சொல்லியாச்சு. முடியட்டும், எறக்கலாம்."

"போட்டியா? ஒங்க போட்டியில தீய வைக்க!" என்று வேலாயி மகனின் இடுப்பில் தொங்கிய, தொட்டித் தண்ணீரைத் திறக்கிற திருகுசாவியைப் பிடித்து இழுத்தாள். அவன் தடுத்தான். விட்டாள் ஒரு அறை, உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. எவனோ பின்னாலிருந்து அவள் கொண்டையைப் பிடித்தான். நான் என்ன வேடிக்கை பார்க்கவா போனேன்? தலைவரின் குடையைப் பிடுங்கிக் காம்பு முறியும்வரை அவன் முதுகில் போட்டேன். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. நெருக்கடியில் அழகுமுத்து தாயின் கையை முறுக்கித் தள்ளினான். அவள் முகம் தொட்டி விளிம்பில் மோதி முன்பல் தெறித்தது. பெற்றவளைத் தள்ளிவிட்டானே, பாவி! வேலாயி ரத்தத்தைத் தண்ணீரிலேயே துப்பிவிட்டு எழுந்து போனாள். அவன் வீட்டில் அவள் அன்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் காம்பராவுக்கு வந்துவிட்டாள்.

தண்ணீரை இறக்கவில்லை. மழையும் விடவில்லை.

ஒருநாள் விடியும் நேரத்தில் அழகுமுத்து போய்ப் பார்த்தபோது கீழ்ச்சுவர் வயிறு தள்ளி நின்றிருக்கிறது. தண்ணீரை இறக்கத் திருகைத் திருகினான், துருவேறிப் போயிருந்தது, அசையவில்லை. கத்தினால் மழையில் யாருக்குக் கேட்கும்? காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்துக்கு ஓடி, அங்கே தொங்கிய தப்புப் பறையை எடுத்து அடித்தான்.

பெரட்டுத் தப்பு கேட்டால் எங்கள் உடம்பு தானாக எழும்பும். கம்பளியைப் போர்த்தி, கூடையை மாட்டி, திட்டிக்கொண்டே எல்லாரும் மேலே போய் நின்றோம். "சொவரு போகப் போகுது! எல்லாரும் வந்துட்டீங்களா?" என்று அவன் அலறினான்.

வேலாயி சுற்றிப் பார்த்தாள். அந்தச் சண்டைக்குப் பிறகு முதல்தடவையாக மகனோடு பேசினாள். "ஒம் பொண்டாட்டி எங்கடா?"

அவன் கையிலிருந்த குச்சி விழுந்தது. பேர் பதிந்தவனுக்குத்தானே தப்பு? பிள்ளை பெற்றவளுக்கு யார் பேர் கூப்பிடப் போகிறார்கள்? அவள் பாட்டுக்குப் படுத்திருந்தாள்.

வேலாயி ஓடினாள். நானும் பின்னால் விழுந்தடித்து ஓடினேன்.

"பெரட்டுக்குத்தானே அத்த அடிச்சாங்க? எனக்கு இன்னும் தீட்டுக் கழியலியே" என்றாள் நாகலெட்சுமி. வேலாயி கன்னத்தில் ஒன்று கொடுத்தாள். ஒரு கையால் பிள்ளையை அள்ளி, மறு கையால் அவள் மயிரைப் பிடித்து வாசலுக்கு வெளியே தரதரவென்று இழுத்துக்கொண்டு மேடேறினாள்.

நான் கடைசிக் காம்பராவின் கதவை உதைத்தேன். உள்ளே மாயாண்டி மாமா, வயசாகி வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட மனுஷன். "மாமா, வெளிய வாங்க!"

"பெரட்டு எனக்கெதுக்கும்மா? பேரு வெட்டியாச்சே" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

இன்னொரு உதைக்குக் காலைத் தூக்கினேன். மேலே வெடி போட்டதுபோல ஒரு சத்தம். கல்லும் சேறும் தண்ணீருமாக வந்து என்னைத் தூக்கித் தேயிலைக்குள் எறிந்தது. என் இடது கை இன்றைக்கும் நேராக நிமிராது. லயத்தின் பாதி போய்விட்டது. மாயாண்டி மாமாவைக் கம்பளி போர்த்தியபடியே தோண்டி எடுத்தோம்.

வேலாயி பிள்ளையை என் மடியில் போட்டாள். பிறகு மகனைச் சேற்றில் தள்ளி, கை ஓயும்வரை அடித்தாள். அவன் முகத்தைக்கூட மறைக்கவில்லை.

மத்தியானம் தலைவர் வந்தார். "மூணு சொவரு நிக்குதே, திருத்தலாமோ?" என்று கேட்டாரே, அந்த மனுஷனை என்ன சொல்ல! வேலாயி இரும்பு அலவாங்கை எடுத்தாள். அவர் ஜீப்புக்கு ஓடினார். அவள் நிற்கிற சுவரில் ஓங்கிக் குத்தினாள். கொஞ்ச நேரத்தில் அழகுமுத்து இன்னொரு அலவாங்கோடு வந்து பக்கத்தில் நின்று குத்தினான்.

மறுநாள் மாயாண்டி மாமாவைப் பாடையில் தூக்கும்போது அழகுமுத்துவே தப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அடித்தான், சத்தம் எழும்பவில்லை.

வேலாயி முன்பல் போன வாயோடு அவன் பக்கத்தில் போனாள்.

"ஓங்கி அடிடா. பேரு வெட்டுன ஆளுக்கும் கேக்கட்டும்."