படகும் வேனும் சேர்ந்து திரும்பியபோது

என் அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. தெரணியகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுப்பார். என் பட்டமளிப்புக்கு அவர் வராததற்கும் அதுதான் காரணம்.

கொழும்பில் நான் வேலை செய்யும் சிறிய கம்பெனி, ஓடும் வண்டியில் விஆர் கண்ணாடி போட்டுப் படம் பார்ப்பவர்களுக்கு வரும் குமட்டலைக் குறைக்க முயன்றுகொண்டிருந்தது. கொழும்பின் நேரான வீதிகள் சோதனைக்குப் போதாது என்று சொல்லி, கம்பெனி வேனை எங்கள் ஊரின் வளைந்து செல்லும் மலைப் பாதைக்குக் கொண்டுபோனேன்.

முதலில் நானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். படத்தில் ஒரு படகு ஆற்றில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. வேனோ வளைந்து வளைந்து இறங்கியது. மூன்றாவது வளைவில் வாந்தி எடுக்க ஒரு சிலிசிலி பேக்கை, மெல்லிய பொலித்தீன் பையைத் தேடினேன். டிரைவர் சிரித்தார். பின் சீட்டில் உட்கார்ந்தால் தனக்கும் அப்படித்தான், ஸ்டியரிங் கையில் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று சிங்களத்தில் சொன்னார். வளைவு வருவது அவருக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

மறுநாள் காலை, வேன் திரும்பினால் படகும் திரும்பும்படி மாற்றினேன். பாதையின் வரைபடத்தையும் சேர்த்து, அடுத்த வளைவு ஆற்றில் முன்கூட்டியே தெரியும்படி செய்தேன்.

வாசலில் நின்ற அம்மா, "நான் போட்டுப் பாக்குறேன்" என்றார்.

"வேணாம்மா, வாந்தி வரும்."

"எனக்கு வராட்டி யாருக்கும் வராதுல்ல?"

பின் சீட்டில் அவரை உட்காரவைத்து, பக்கத்தில் பையோடு உட்கார்ந்தேன். முதல் வளைவில் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஐந்தாவது வளைவுக்குள் பிடி தளர்ந்தது.

"ஆறு இப்ப இடது பக்கம் திரும்பப் போகுது" என்றார். வேன் இடது பக்கம் திரும்பியது.

டவுனை நெருங்கும்போது ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். படத்தில் படகு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார்.

வாய் கொப்பளித்து முடித்ததும், "திரும்புறதெல்லாம் சரியாத்தான் இருக்கு. பிரேக் போட்டா அதுக்குத் தெரியல. அதை எழுதிக்க" என்றார்.

எழுதிக்கொண்டேன். அவர் முன் சீட்டில் ஏறி, எதிரே வரும் வளைவுகளைப் பார்த்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமலே டவுனுக்கு வந்தார்.