அக்கா வந்த மாதத்து நீர்க்கட்டணம்

கணவரை இழந்த என் தமக்கை இறக்கக்கண்டிக் கிராமத்திலிருந்து எங்களோடு வசிக்க வந்த முதல் மாதத்திலேயே நீர்க்கட்டணம் மும்மடங்காக உயர்ந்தது. சீட்டைப் படித்த என் மனைவி அதை மடித்து அலுமாரியின் மேல் வைத்தாள். தமக்கை பார்த்துவிட்டார். மறுநாள் முதல் அரை வாளி நீரோடு குளியலறைக்குள் சென்று ஓசையின்றி வெளிவந்தார். சில நாள்களில் அவருடைய துணிப்பை கட்டிலின் மேல் ஏறியிருந்தது.

"தம்பி, நான் அங்கையே போறன். கிணத்துத் தண்ணிக்கு ஆரும் பில் தரமாட்டினம்."

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா. இந்தக் கணக்குப் பிழையெண்டு நான் காட்டுறன்."

பிழை எங்கே என்று அப்போது எனக்கும் தெரியாது.

நீர் வழங்கல் அலுவலகத்தில் இருந்த அலுவலர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "வீட்டில புதுசா ஆரும் வந்திருக்கினமோ ஐயா?"

"ஓம், என்ர தமக்கை."

"பிறகென்ன? ஆள் கூடினால் தண்ணியும் கூடுந்தானே."

"வந்தது தமக்கை, யானை இல்லை."

அவர் சிரித்தார், கட்டணத்தைக் குறைக்கவில்லை.

வீடு திரும்பி எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, கதிரையொன்றை நீர்மானியின் அருகில் இட்டு அமர்ந்தேன். முள் அசையவில்லை. ஆகவே கசிவும் இல்லை.

"காசைக் கட்டிப்போட்டு விடுங்கோவன்," என்றாள் மனைவி.

"கட்டினால் அக்காதான் செலவழிச்சவ எண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி."

அவள் சீட்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

தமக்கை வந்த மாதம் முதல் துறைமுகப் பக்கம் புதுக்குழாய் பதிக்கும் வேலை நடந்தமையால், பகலில் நீர் அடிக்கடி நின்றுவிடும். மீண்டும் வரும் ஓசை கேட்பதற்காக முற்றத்துக் குழாயைத் திறந்து, அடியில் வாளி வைத்திருப்பது எங்கள் ஒழுங்கை வீடுகள் எல்லாவற்றிலும் வழக்கம். மறுநாள் நண்பகலில் நான் மானியருகே காவலிருந்தபோது, திறந்திருந்த குழாய் சீறத் தொடங்கியது. முள் விரைந்து சுழன்றது. வாளியை எட்டிப் பார்த்தேன். ஒரு துளி நீரும் இல்லை. ஒழுங்கையின் மேட்டு முனையில் இருக்கிறது எங்கள் வீடு. வெற்றுக் குழாய்களில் நிறைந்திருந்த காற்றையெல்லாம் வரும் நீர் எங்கள் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

மீண்டும் அலுவலகம் சென்று, கண்டதைச் சொன்னேன். அலுவலர் நம்பாமல் கேட்டார்:

"காத்து மீற்றரைச் சுத்துமோ ஐயா?"

"சுத்துது. வந்து பாருங்கோ."

"இப்ப ஏலாது. வேலை கிடக்கு."

"அப்ப நான் இதிலை இருக்கிறன். வேலை முடியட்டும்."

இருந்தேன். கதவு சாத்தும் நேரத்தில், மறுநாள் வருவதாக வாக்களித்தார், வந்தார். தமக்கை வாளியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, உலர்ந்த வாளியாகவே குழாயின் அடியில் வைத்தார். நீர் திரும்பும் வேளை வந்தது. குழாய் சீறியது, முள் ஓடியது. அலுவலர் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"காத்துத்தான்," என்றார் மெதுவாக.

"வாளியையும் நல்லாப் பாருங்கோ மகன்," என்றார் தமக்கை. "நான் குளிச்ச தண்ணி அதுக்குள்ள கிடக்கோ?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். முந்திய மாதத்து அளவின்படியே கட்டணத்தைத் திருத்துவதாகவும், காற்று வெளியேற மேட்டு முனையில் ஒரு வால்வு பொருத்துவிப்பதாகவும் என் முன்னிலையிலேயே எழுதிக் கையொப்பமிட்டார். அதுவரை நீர் நின்றதும் குழாயை மூடி வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை குளியலறையில் நீர் வெகுநேரம் கொட்டிக்கொண்டிருந்தது. மனைவி கதவைத் தட்டினாள்.

"மச்சாள், எங்களுக்கும் கொஞ்சம் விடுங்கோ!"

"பொறு பிள்ளை, இன்னும் தலைக்கு வார்க்கேல்லை," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பில் வந்தால் உன்ர மனுசன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போவான்!"