கீறல் விழுந்த தோலில் ஒரு நாடு

எண்பதுகளில் ஆம்பூர் தோல் கம்பெனி ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, அங்கே தரம் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். பாய் என்று கூப்பிடுவோம். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில். சின்னக் கீறல் இருந்தாலும் தோலைக் கழித்துவிடுவார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும், அப்படிக் கழித்த ஓர் ஆட்டுத்தோலை விரித்து, "இதாம்பா நம்ம நாடு" என்பார். கத்தி கிழித்த இடம் பள்ளத்தாக்கு, உண்ணி கடித்த தழும்புகள் ஊர்கள். ஆளுக்கொரு புளியங்கொட்டையை நகர்த்தி நாங்கள் அதில் பயணம் போவோம். பழுதை மறைக்கக் கூடாது, செத்தவன் எழுந்து வரக் கூடாது. இவைதான் அந்த நாட்டுச் சட்டம்.

ஒருநாள் என் கொட்டை பள்ளத்தாக்கின் ஓரத்தில் நின்றது. தாயக்கட்டை உருட்டி ஒன்று வந்தால் என் ஆள் காலி. கட்டையை உருட்டாமல் அவரிடம் கேட்டேன்.

"பாய், அந்தப் பக்கம் இன்னா இருக்கு?"

"எனக்கே தெரியாது. நீ போனாதான் உண்டாகும்."

"பேஜார் பண்ணாத, உருட்டுய்யா!" என்று மற்றவர்கள் கத்தினார்கள்.

உருட்டினேன். மூன்று வந்தது. தாண்டிவிட்டேன்.

"அங்க இன்னா பார்த்தே? சொல்லு" என்றார்.

"டீக்கடை" என்று உளறிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து அங்கே ஒரு டீக்கடை வரைந்தார்.

அத்தனை தோலைக் கழித்தவர் என் டீக்கடையை மட்டும் ஏன் கழிக்கவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.