என் குரலை அமுக்குவது யார்?

"சார், உங்க குரல் வரலீங்க. மைக்கைப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரையின் மூலையில் அந்த வரி வந்து விழுந்தபோது என் விமானம் கொச்சியில், ஓடுபாதை முனையில் நின்றுகொண்டிருந்தது. நானோ பாலக்காட்டுப் பக்கம் சித்தூருக்குக் கிழக்கே, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் எங்கள் வீட்டு உள்ளறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணினியில் விமானம் ஓட்டுவதுதான் என் பொழுது. மகள் வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன கணினி அது. இணையத்தில் சேர்ந்து ஓட்டினால், எங்கெங்கோ வீடுகளில் உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதர்கள் கன்ட்ரோலர்களாக இருந்து குரலில் உத்தரவு தருவார்கள். அதை நாம் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் விமானம் நகரும்.

நான் சொன்னேன். தொண்டை வறளும்வரை சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. கன்ட்ரோலர் என்னை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பின்னால் நின்றவர்களையெல்லாம் ஏற்றி அனுப்பினார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. "சார் இல்லைங்க, மேடம்" என்று எழுதிப் போட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மூச்சே இல்லை. பிறகு, இப்படிச் சேர்ந்து ஓட்டும் எங்கள் குழுவை நடத்துகிறவர் எழுதினார்: "அப்படீங்களா மேடம். அடுத்த ஞாயித்துக்கிழமையும் குரல் வரலைன்னா குழுவுல வெச்சுக்க முடியாதுங்க. எல்லாத்துக்கும் ஒரே ரூலுங்க."

ஒரே ரூலாம்! அந்தக் கொஞ்ச நேர மௌனம் எனக்குப் போதாதா? பொம்பளைக் குரல் வேண்டாமென்று எவனோ என்னை அமுக்கி வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். முதலில் சார் என்றுதானே எழுதினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் நடிப்பாக இருக்கலாம் அல்லவா?

அந்தக் குழுவை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. நாள் முழுக்க வீட்டில் நான் பேசுவதெல்லாம் "ஆச்சுங்க", "செரீங்க" என்ற இரண்டு வார்த்தைகள்தான். கோயம்புத்தூரில் இறங்கும் விமானங்கள் சில எங்கள் தோப்புக்கு மேலேதான் தாழ்ந்து போகும். தேங்காய் பொறுக்கும்போது அண்ணாந்து பார்ப்பேன். ஒரே ஒரு தடவையாவது, நாலு பேர் காதில் விழ அனுமதி கேட்டு, அதே கோயம்புத்தூரில் நான் ஒரு விமானத்தை இறக்க வேண்டும். அதற்கு மிச்சமிருந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மறுநாள் மத்தியானமே வேலையை ஆரம்பித்தேன். ஒயரைப் பிடுங்கித் துடைத்துச் செருகினேன். மைக்கைப் பயன்படுத்த கணினி அனுமதி தந்திருக்கிறதா என்று பார்த்தேன், தந்திருந்தது. எந்த மைக் என்று பார்த்தேன், என் ஹெட்செட்தான். பேசும்போது அழுத்த வேண்டிய பொத்தானும் சரியாகவே இருந்தது. கடைசியில், கன்ட்ரோலர்களோடு பேசுவதற்கான குரல் மென்பொருளிலேயே பேசிப் பதிவு செய்து கேட்டேன். அட, கணீரென்று என் குரல்!

அப்படியானால் மைக் நல்ல மைக். பகலில் பேசுகிறது, சாயங்காலமானால் ஊமையாகிறது. சாயங்காலம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? என் சந்தேகம் இணையத்திலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது.

முதலில் வீட்டுக்காரர். உரக்கடையை அடைத்துவிட்டு வந்ததும் வழி மறித்தேன்.

"ஏனுங்க, என்ற மைக்குல கை வெச்சீங்களா?"

"எனக்கு வேற சோலி இல்லியா? கருமம், அது எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாது."

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். முறுக்கு டப்பாவைத்தான் பார்த்தார். குறித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்தது மாமனார். சாயங்காலமானால் தோப்பிலிருந்து வந்து, என் அறைக்கு வெளியே கூடத்தில் உட்கார்ந்து டிவியில் மலையாளச் செய்தி பார்ப்பார். அதிகம் பேசாத மனிதர். பேசாதவர்களை எப்படி நம்புவது? ஹெட்செட் ஒயர் கணினியில் சேரும் இடத்தில் பூக்கட்டும் நூலை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தேன். யாராவது தொட்டால் அவிழ்ந்துவிடும். தினமும் போய்ப் பார்த்தேன். நூல் சுற்றியபடியே இருந்தது. நிம்மதி வரவேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், வெளியே செய்தி ஓடிக்கொண்டிருக்க, மறுபடி பேசிப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் வெறும் அமைதி. அப்போதுதான் திரையில் ஆடும் பச்சைக் கோட்டைக் கவனித்தேன். சுற்றுப்புற இரைச்சலை வெட்டுவதற்கு அந்த மென்பொருளில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு மட்டத்துக்குக் கீழே வரும் சத்தத்தை அது வெளியே விடாது. நான் பேசினேன். பச்சைக் கோடு அந்த மட்டத்தைத் தொடவே இல்லை. மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்து என் பேச்சையும் வெட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் தொட்டிருந்த கோடு இப்போது ஏன் தொடவில்லை? கதவுக்கு அந்தப் பக்கம் செருமல் கேட்டது. எனக்கு விளங்கிவிட்டது. மாமனார் வீட்டில் இருக்கும்போது மருமகள் குரலை உயர்த்தக் கூடாது. கல்யாணமாகி வந்த வாரமே மாமியார் சொன்னது. அந்த மகராசி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் மாமனார் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் என் குரல் தானாக இறங்கிவிடும். இறங்குகிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேனே, என்னை அமுக்கியது என் தொண்டையேதான். அன்று அழுதேவிட்டேன்.

அந்த ஏற்பாட்டை நீக்கிப் பார்த்தேன். என் முணுமுணுப்போடு மலையாளச் செய்தி முழுசும் பதிவானது. அதைக் கேட்க எந்தக் கன்ட்ரோலர் ஒப்புவார்? மறுபடி போட்டுவிட்டேன். வாயைத் திறந்து பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. பேசினால் மாமனார் என்ன செய்வார்? முகம் தெரியாத ஆம்பிளைகளோடு மருமகள் கத்துகிறாள் என்று மகனிடம் சொல்வார். கணினி மூட்டை கட்டப்படும்.

ஞாயிற்றுக்கிழமை. கொச்சி ஓடுபாதை முனை. கன்ட்ரோலர் உத்தரவு சொன்னார். திருப்பிச் சொன்னேன்.

"மேடம், இன்னிக்கும் வரலீங்களே" என்று எழுதினார்.

வந்தது பாருங்கள் ஓர் ஆத்திரம். பொத்தானை அழுத்தி, தோப்பில் தேங்காய் வண்டிக்காரனைக் கூப்பிடும் குரலில் மொத்தத்தையும் சொன்னேன்.

"கேக்குதுங்க! நல்லாக் கேக்குது!" என்று ஹெட்செட்டில் பதில் வந்தது.

அதே நேரம் கூடத்தில் டிவி சத்தம் சட்டென்று இறங்கியது. அவ்வளவுதான், ஒட்டுக் கேட்கிறார். கேட்கட்டும்! பாலக்காட்டுக் கணவாய்மேல் பறந்தபோதும், கோயம்புத்தூரை நெருங்கி உயரம் குறைத்தபோதும், ஒவ்வொரு பதிலையும் முந்தியதைவிட உரக்கச் சொன்னேன். சக்கரம் தரையைத் தொட்டது. கன்ட்ரோலர் நல்வரவு சொன்னார்.

ஹெட்செட்டைக் கழற்றித் திரும்பினால், மாமனார் அறை வாசற்படியில் நிற்கிறார். கையில் டிவி ரிமோட். சண்டைக்குத் தயாராக எழுந்தேன்.

"ஏ அம்முணி, எறங்கியாச்சா?"

"ஆச்சுங்க."

"அப்ப டிவியக் கொஞ்சம் பெருசா வெச்சுக்கட்டுமா?"

கேலியோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். கேலி இல்லை. நான் சொல்வதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

"வெச்சுக்குங்க மாமா" என்றேன், வீடு முழுக்கக் கேட்கும்படி.